திருச்சி மங்கும் நேரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் திருச்சி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 200. பஸ்ஸில் போகிறவருக்கு இது வெறும் பயண தூரம். 1939-இல் ரேடியோ முன்னால் உட்கார்ந்தவருக்கோ, அன்றைய சாயங்காலம் எப்படிக் கழியும் என்பதையே இந்த இரண்டு எண்கள்தான் தீர்மானித்தன. பகலில் ஒரே சீராகக் கேட்ட திருச்சி, விளக்கு வைத்தபின் தடுமாறத் தொடங்கும். பாட்டு ஏறும், இறங்கும், சில நொடிகள் காணாமலே போகும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். அதே வேளையில், பகலெல்லாம் இருந்த இடமே தெரியாத ஏதோ ஒரு தூரத்து நிலையம் கணீரென்று பேசத் தொடங்கும். பக்கத்து ஊர் மங்கி, தூரத்து ஊர் தெளியும் இந்த விசித்திரத்துக்கு அந்தக் காலத்தில் வால்வைக் குறை சொன்னார்கள், ஏரியலைக் குறை சொன்னார்கள், விற்ற கடைக்காரரைக் குறை சொன்னார்கள். குறை எதுவும் பெட்டியில் இல்லை. காரணம் நம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

அந்த உயரத்தை மனிதர் முதன்முதலாக அளந்ததும் இப்படிக் குரல் மங்குவதை வைத்துத்தான். அந்தக் கதையைச் சொல்ல 1924-க்குப் போக வேண்டும்.

முதலில் நம் பக்கத்தில் நடந்தது: அந்த ஆண்டு மே மாதம் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31 அன்று அவர்களுடைய ஒலிபரப்பு காற்றில் ஏறியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்த வால்வு ரேடியோ ஒன்று, ஒலியைக் கேட்பதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு மின்சாரம் குடித்தது. பின்னர் 200 வாட்டுக்கு உயர்த்தினார்கள். பணம் போதாமல் 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தன் பங்குக்கு ஒலிபரப்பியது. மெரீனாவில் ஒலிபெருக்கி வைத்து, கடற்காற்று வாங்க வந்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கக் கொடுத்தார்கள். ரேடியோ வாங்க வசதியில்லாத ஒரு நகரம் கூடி உட்கார்ந்து கேட்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் குரல் மாகாணத்தின் உள்ளே வரவில்லை. தென்னாற்காடு மாவட்டத்தின் மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் கிடந்த கள்ளக்குறிச்சித் தாலுகாவுக்கு மெரீனாவின் சங்கீதம் எட்டவே இல்லை.

ஏன் எட்டவில்லை என்பது எளிய கணக்கு. மத்திய அலை பகலில் தரையைத் தழுவிக்கொண்டு போகிறது. போகிற வழியெல்லாம் மண்ணுக்குள் சிறு மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. மண்ணின் மின்தடையில் அவை சூடாகி வீணாகின்றன. மண் நன்றாக மின்சாரம் கடத்தினால் வீண் குறைவு. கடல் நீர், வறண்ட பாறை நிலத்தைவிடச் சில ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால்தான் கரையோர ஊர்களுக்குக் கடல் கடந்து வரும் ஒலிபரப்பு தெளிவாகக் கிடைக்கிறது, உள்நாட்டுக்காரர் ஏங்குகிறார். கள்ளக்குறிச்சியின் மேற்கே எழும் கல்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. ரேடியோ அலைக்கு அது வளமான பூமி அல்ல.

சக்தியைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். கூட்டலாம், ஆனால் பலன் கஞ்சத்தனமாகத்தான் கிடைக்கும். அலையின் வலு, சக்தியின் வர்க்கமூலத்தோடுதான் உயர்கிறது. 40 வாட்டை 5000 வாட்டாக்கினால் சக்தி 125 மடங்கு. கேட்கிற இடத்தில் அலையின் வலு 11 மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தபோது மத்திய அலைக்கு வைத்தது வெறும் கால் கிலோவாட். நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் அது போதும். கூடவே சிற்றலையில் 10 கிலோவாட் வைத்தார்கள். 1939 மே 16 அன்று திருச்சியில் 5 கிலோவாட் மத்திய அலை நிலையம் வந்தது. காவிரிக் கரையை மனத்தில் வைத்துக் கட்டிய நிலையம்தான். ஆனால் அதன் பகல்நேர அலை வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டி, பெரம்பலூரைத் தாண்டி, கள்ளக்குறிச்சி வரைக்கும் எட்டிப் பார்த்தது.

ஆக, 1939-இன் கோடையில் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் ரேடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் ஆபீசில் ஆண்டுக்குப் பத்து ரூபாய் கட்டி லைசென்ஸ் வாங்கியாயிற்று. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே, முடிந்தவரை உயரத்தில், செம்புக் கம்பி ஏரியல். எர்த் கம்பி தோட்டத்து ஈரமண்ணில் இறங்கியிருக்கிறது. கோடையில் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ஒலி கூடும். பெட்டிக்குப் பின்னால் பேட்டரி. சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வின் இழை சூடாகி, அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பிய பிறகுதான் பேச்சு. அந்தச் சிறு காத்திருப்பு, பிறகு வந்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விட்டது.

மாலை 5 மணிக்குத் திருச்சி சுத்தமாக வருகிறது. சற்றுக் கரகரப்பு, மழைமேகம் எங்காவது இருந்தால் படார் படார் என்று இடியின் சத்தம். மற்றபடி நிலையான ஒலி. ஆறரை மணி சுமாருக்குச் சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. உடனே எதுவும் மாறுவதில்லை. ஏன் என்றால், தரைக்குச் சூரியன் மறைந்தாலும் 80 கிலோமீட்டர் உயரத்துக்கு இன்னும் மறையவில்லை. அங்கிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 9 பாகை கீழே இருக்கிறது. நம் அட்சரேகையில் சூரியன் அந்த 9 பாகை இறங்குவதற்கு 35 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வசந்தகால லண்டனில் இதே இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. நம் ஊரில் அந்தி சட்டென்று கவிகிறது என்கிறோமே, மேலே வானத்திலும் அது சட்டென்றுதான் கவிகிறது. ஏழு மணி தாண்டும்போது ரேடியோவின் குணம் மாறத் தொடங்குகிறது.

80 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? காற்று அங்கே மிகமிக மெல்லியது. அதன் மூலக்கூறுகளைச் சூரியனின் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் அடித்து, எலக்ட்ரான்களைப் பிய்த்து வெளியே விடுகின்றன. இப்படி மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் பல உண்டு. மொத்தமாக அயனி மண்டலம் என்கிறோம். கீழடுக்குக்கு, அதாவது 60 முதல் 90 கிலோமீட்டர் வரைக்கும், டி அடுக்கு என்று பெயர். அதற்கு மேல் 100 கிலோமீட்டரை ஒட்டி ஈ அடுக்கு. அதற்கும் மேலே 200 கிலோமீட்டரிலிருந்து எஃப் அடுக்கு. பகலில் மத்திய அலை மேல்நோக்கிப் போனால் முதலில் டி அடுக்கில் மாட்டிக்கொள்ளும். அலை அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் பக்கத்தில் நெருக்கமாக இருக்கும் காற்று மூலக்கூறுகளோடு மோதி, அலையிடம் வாங்கிய சக்தியை வெப்பமாக இழக்கின்றன. அலை அங்கேயே சாகிறது. சூரியன் போனதும் டி அடுக்கின் எலக்ட்ரான்களை மூலக்கூறுகள் திரும்பப் பிடித்துக்கொள்கின்றன, நிமிடக் கணக்கில் அடுக்கே கரைகிறது. மேலே ஈ, எஃப் அடுக்குகளில் காற்று இன்னும் அரிது, மோதல் குறைவு. அவை இரவிலும் முழுதாக அழிவதில்லை. இப்போது மேலே போகும் மத்திய அலை தடையில்லாமல் அங்கே போய், வளைந்து, பூமிக்குத் திரும்புகிறது.

தூரத்து நிலையம் இரவில் தெளிவதற்குக் காரணம் இது. பக்கத்துத் திருச்சி மங்குவதற்கும் காரணம் இதேதான் என்பது கொஞ்சம் யோசித்தால் தெரியும். இருட்டிய பிறகு திருச்சியின் குரல் கள்ளக்குறிச்சிக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று தரைவழி, 110 கிலோமீட்டர். இன்னொன்று வானவழி: 100 கிலோமீட்டர் ஏறி, இறங்கி, மொத்தம் சுமார் 228 கிலோமீட்டர். இரண்டும் ஏரியலில் சந்திக்கின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் குரல் ஓங்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். நிலையத்துக்கு மிக அருகே தரை அலை பலமாக இருப்பதால் வான அலை அதை எதுவும் செய்ய முடியாது. திருச்சி நகரத்தில் இரவும் பகலும் ஒரே மாதிரிதான். மிகத் தூரத்தில் தரை அலையே இல்லை, வான அலை மட்டும்தான், சண்டை குறைவு. நடுவே, ஏறத்தாழ 100 முதல் 200 கிலோமீட்டர் வரை ஒரு வளையம் இருக்கிறது. அங்கே இரண்டு அலைக்கும் ஏறக்குறையச் சம பலம். ஒலிபரப்புப் பொறியாளர்கள் இந்த வளையத்தைக் கண்டு அஞ்சுவார்கள். கள்ளக்குறிச்சி அந்த வளையத்துக்குள்தான் இருக்கிறது. திருச்சியை வைத்து வரைந்தாலும் உள்ளே, சென்னையை வைத்து வரைந்தாலும் அதன் விளிம்பில்.

இந்தத் தடுமாற்றம் எவ்வளவு நுண்ணியது என்பதையும் கணக்கிடலாம். திருச்சி நிலையத்துக்குப் பின்னாளில் அமைந்த 936 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் சுமார் 320 மீட்டர். பாதை வித்தியாசம் அதில் பாதி, 160 மீட்டர், மாறினால் போதும்: ஓங்கிய குரல் அடங்கிவிடும். அதற்கு மேலடுக்கு 90 மீட்டர் உயரவோ தாழவோ வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒன்று 90 மீட்டர் அசைவது அங்கே ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த அசைவுக்குத்தான் கீழே ஒரு பல்லவி காணாமல் போகிறது. அதிலும் ஒரு குரலில் பல அதிர்வெண்கள் உண்டு. எல்லாம் ஒரே சமயத்தில் அழிவதில்லை. சில அழிந்து சில எஞ்சும்போது வித்வான் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவதுபோல் ஒலிக்கும்.

1924-இன் டிசம்பரில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் என்ற இயற்பியலாளர் வேண்டுமென்றே தேடிப்போய் நின்றது இந்த வளையத்தில்தான். வானத்தில் மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கலாம் என்று 1902-இலேயே அமெரிக்காவில் கென்னெலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் சொல்லியிருந்தார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி மார்க்கோனியின் சைகை எப்படிப் போனது என்ற கேள்விக்கு அது ஒரு ஊகம். 22 ஆண்டுகளாக ஊகமாகவே இருந்தது. ஆப்பிள்டனும் அவருடைய மாணவர் மைல்ஸ் பார்னெட்டும் பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அதாவது நிகழ்ச்சிகள் முடிந்த நள்ளிரவுக்குப் பிறகு. கேட்கும் கருவியை ஆக்ஸ்ஃபோர்டில் வைத்தார்கள். போர்ன்மத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் தூரம் சுமார் 120 கிலோமீட்டர். திருச்சிக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இருக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

டிசம்பர் 11 இரவு. போர்ன்மத்தில் அலைநீளத்தைச் சீராக, மெதுவாக மாற்றிக்கொண்டே போனார்கள். பாதை வித்தியாசத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது; அலைநீளம் மாறினால் அந்த எண்ணிக்கை மாறும், எண்ணிக்கை மாறும்போதெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒலி ஒரு முறை ஓங்கி அடங்கும். எத்தனை முறை ஓங்கி அடங்கியது என்று எண்ணினால் பாதை வித்தியாசம் வந்துவிடும். அதிலிருந்து அடுக்கின் உயரம். கிடைத்தது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். எந்த ராக்கெட்டும் அங்கே போகாத காலத்தில், ஒரு ரேடியோவும் பொறுமையும் வைத்து எடுத்த அளவு. 1947-இல் ஆப்பிள்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் எஸ். கே. மித்ராவும் அவர் குழுவும் 1930-இலேயே நம் நாட்டு வானத்தில் இந்த அடுக்குக்கான சான்றைக் கண்டுவிட்டார்கள்.

அதே 1924-இல், ஆப்பிள்டனுக்கு இரண்டு மாதம் முன்னால், வேறொரு சம்பவம் நடந்தது. லண்டன் மில் ஹில் பள்ளியில் படித்த சிசில் கோய்டர் என்ற 18 வயதுப் பையன் பள்ளியில் வைத்திருந்த கருவியில் நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கிலிருந்து ஃபிராங்க் பெல் என்பவர் அனுப்பிய சைகையைப் பிடித்தான், பதிலும் அனுப்பினான். அக்டோபர் 18. இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த முதல் இருவழி வானொலித் தொடர்பு அது. எந்த அரசாங்கத்தின் ராட்சத நிலையமும் செய்யாததைச் சிற்றலையில் ஒரு பள்ளி மாணவன் செய்துவிட்டான். இந்தப் பையன்தான் 12 ஆண்டு கழித்து, 1936-இல், அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக டில்லி வந்து இறங்கினார்.

இதை நான் தற்செயல் என்று விட மாட்டேன். சென்னை நிலையத்துக்கு மத்திய அலையில் கால் கிலோவாட்டும் சிற்றலையில் 10 கிலோவாட்டும் என்ற அந்த விநோதமான விகிதத்தில் கோய்டரின் கை தெரிகிறது. கையில் இருந்த பணத்துக்கு இவ்வளவு பெரிய நாட்டை மத்திய அலையால் மூட முடியாது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என நான்கு இடத்தில் சிற்றலை வைத்தால், வானத்தை நம்பி, கிராமங்கள் வரைக்கும் குரல் போகும். வெப்பமண்டலத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மின்னலின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்ணில் மிக அதிகம், உயர உயரக் குறையும். சித்திரை வைகாசியில் கல்வராயன் மேல் மாலையில் இடி இடித்தால் மத்திய அலை கேட்கச் சகிக்காது. போதாக்குறைக்கு இருட்டியபின் டி அடுக்கு கரைந்து, ஆந்திராவில் இடிக்கும் இடியும் வங்கக்கடலில் வெட்டும் மின்னலும் வானவழியாக வந்து சேரும். நிலையத்துக்குத் திறந்த கதவு இரைச்சலுக்கும் திறந்ததுதானே.

சென்னை சிற்றலையில் நெடுங்காலம் பயன்படுத்திய அதிர்வெண்களில் ஒன்று 4920 கிலோஹெர்ட்ஸ், ஏறத்தாழ 61 மீட்டர். கேட்பதற்கு முரணாக இருக்கும், ஆனால் இந்த அலையைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்ப வேண்டுமென்றால் தென்மேற்கே அல்ல, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக மேலே அனுப்ப வேண்டும். அது எஃப் அடுக்கை, 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அங்கே போய்த் தொட்டுத் திரும்பும். சென்னை எழும்பூரில் பாடிய பாட்டு 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 630 கிலோமீட்டர் பயணித்து வந்து சேர்கிறது. இதில் மலை குறுக்கே நிற்பதில்லை. பாறைக்கும் வேலை இல்லை. மேலிருந்து மழைபோல் இறங்கும் அலைக்குப் பள்ளத்தாக்கு, மேடு என்ற பேதம் கிடையாது.

ஆனால் நம் ஊர் வானத்துக்கென்று தனிக் குறும்பு ஒன்று இருக்கிறது. பூமியின் காந்தநடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. காந்தப்புலம் அங்கே தரைக்குக் கிடையாகக் கிடக்கும். சூரியன் மறையும் வேளையில் எஃப் அடுக்கில் கிழக்கு நோக்கிய மின்புலம் சிறிது நேரத்துக்கு வலுக்கிறது. அதுவும் கிடைக் காந்தப்புலமும் சேர்ந்து அடுக்கு முழுவதையும் மேலே தூக்குகின்றன. அடிப்பகுதியில் எலக்ட்ரான்கள் கரைந்துபோக, அடர்ந்த மின்னேற்ற வாயு (பிளாஸ்மா) மேலேயும் அரிதானது கீழேயும் என்று தலைகீழ் நிலை உண்டாகிறது. அது நிலைக்காது. கீழே உள்ள அரிதான பகுதிகள் குமிழ்களாகக் கிளம்பி மேலே ஏறும். அவற்றில் பட்டுச் சிதறும் சிற்றலைக் குரல் படபடவென்று நடுங்கும். மத்திய அலையின் ஏற்ற இறக்கம் போல நிதானமானது அல்ல இது. நொடிக்குப் பல முறை துடிப்பது. பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், இரவு 8 மணியிலிருந்து இது அதிகம். பெரு நாட்டின் ஹுவாங்காயோ ஆய்வகத்தில் புக்கரும் வெல்ஸும் இதை விவரித்து எழுதியது 1938-இல், சென்னை நிலையம் திறந்த அதே ஆண்டில். ஹுவாங்காயோவும் காந்தநடுக்கோட்டில் இருக்கும் ஊர்தான். இங்கே கச்சேரி நடுங்குவதற்கான விளக்கம் பசிபிக்குக்கு அப்பாலிருந்து வந்தது. இன்றும் இந்தக் குமிழ்கள் ஜி.பி.எஸ். சைகையைக் குலைக்கின்றன, திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனம் இவற்றைக் கண்காணித்து வருகிறது.

1939 செப்டம்பரில் போர் வந்ததும் டயலின் மற்ற பக்கங்களும் உயிர் பெற்றன. 1941 மே 3 அன்று பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கியது. லண்டனிலிருந்து சுமார் 8000 கிலோமீட்டர். எஃப் அடுக்கின் ஒரு துள்ளலுக்கு அதிகபட்சம் 4000 கிலோமீட்டர்தான் கணக்கு. ஆக, அந்தத் தமிழ் வானத்துக்கும் பூமிக்கும் இடையே குறைந்தது இரண்டு, மூன்று முறை துள்ளித்தான் தமிழ்நாட்டுக்கு வந்திருக்க வேண்டும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, சென்னையை விட்டு ஜனங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிய நாட்களில், ரேடியோ இருந்த திண்ணைக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும்! யார் எதைக் கேட்கிறார்கள் என்பதும் அப்போது அரசாங்கத்துக்குக் கவலை தரும் விஷயமாயிற்று.

இருந்தாலும், சுதந்திரம் வந்த சமயத்தில் நாடு முழுவதற்கும் ஆறே நிலையங்கள்தான். ஒலிபரப்பு எட்டிய மக்கள் 11 சதவீதம், நிலப்பரப்பு 2.5 சதவீதம். அதில் கல்வராயன் மலையைத் தேட வேண்டாம். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கையில் 1976 வரைக்கும் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் 600 மீட்டருக்கு மேலே சிதறிக் கிடந்தன. சாலை இல்லை, மின்சாரம் இல்லை. அலை அங்கே வராமல் இல்லை. எஃப் அடுக்கிலிருந்து இறங்கும் சிற்றலை வெள்ளிமலையிலும் விழுந்தது, கரியாலூரிலும் விழுந்தது. அதைப் பிடிக்கத்தான் வழியில்லை. வால்வு செட்டுக்கு வேண்டிய பேட்டரியைத் தலைச்சுமையாக அடிவாரம் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி மீண்டும் மலையேற்றுவது யாருக்குக் கட்டும்?

டிரான்சிஸ்டர்தான் இதை மாற்றியது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தச் சின்னஞ்சிறு துண்டு இழையைச் சூடாக்கச் சொல்லிக் கேட்பதில்லை. டார்ச் லைட்டுக்குப் போடும் கட்டைகளில் வாரக்கணக்கில் ஓடும். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாப் படிகத்தை அலை உணரும் கருவியாக்கி, 1904-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றிருந்தார். குறைக்கடத்திகளின் அந்தப் பாதை அரை நூற்றாண்டு வால்வுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது என்று சொல்லலாம். 1952-இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்து, ஜனங்களை இலங்கை வானொலியின் பக்கம் தள்ளினார். அரசாங்கம் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கிச் சமாளிக்கப் பார்த்தது. தமிழ்நாட்டில் டிரான்சிஸ்டர் பரவியதற்கு விஞ்ஞானிகளுக்கு எவ்வளவு பங்கோ, கேஸ்கருக்கும் அதில் பாதியாவது கொடுக்க வேண்டும்.

மலையில் இருப்பவருக்கு இன்று பண்பலை வசதி என்று நினைப்போம். பாதி உண்மை. பண்பலையின் அலைநீளம் 3 மீட்டர். ஒரு குன்று குறுக்கே வந்தால் நிழல் விழுந்துவிடும். மத்திய அலையின் 300, 400 மீட்டர் அலைக்கு 1000 மீட்டர் மலை என்பது இரண்டு மூன்று அலைநீளம்தான், விளிம்பில் வளைந்து மறுபக்கம் இறங்கிவிடும். அதோடு ஊருக்குள் இப்போது எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் இன்வெர்ட்டரும் மத்திய அலையில் ஓயாமல் இரைகின்றன. கல்வராயனில் வீடுகளைவிட்டு நூறு அடி தள்ளிப் போனால் அந்த இரைச்சல் பெரும்பாலும் அற்றுப்போகும்.

பழைய டிரான்சிஸ்டர் ஒன்று கையில் இருந்தால் அங்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஏரியல், கம்பி சுற்றிய கரிய ஃபெரைட் தண்டு. அது பெட்டியின் நீளவாக்கில் கிடக்கும். மாலை 5 மணிக்குத் தெற்கே திருச்சியையோ கிழக்கே புதுச்சேரியையோ, மத்திய அலையில் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் நீளம் நிலையத்தை நோக்கி நிற்கும்படி மெல்லத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒலி அப்படியே அற்றுவிடும். கிடையாக வரும் தரை அலையைத் தண்டு அந்த நிலையில் பிடிப்பதில்லை. பெட்டியை அசைக்காமல் அப்படியே வைத்துவிட்டு ஏழே காலுக்கு மறுபடியும் கேளுங்கள். தரை அலை இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறது. ஆனாலும் நிலையம் பேசும், ஏறி இறங்கி, தடுமாறி. அது மேலிருந்து வருவது. அதை மட்டும் தனியாகக் கேட்கிறீர்கள்.